உண்ட சோற்றுக்கு யாருக்கு நன்றி?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த சமூகம் நம்முடையது. ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டால் அவருக்கு எதிராக வாய் திறக்கக் கூடாது. இந்த அறத்தின் பெரிய நாயகன் கர்ணன். செஞ்சோற்றுக் கடனுக்காக உயிரைக் கொடுத்தவன் என்று கூத்து மேடையிலிருந்து சினிமா வரை அவனுக்காக அழுதிருக்கிறோம். ஆனால் மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தை நிதானமாகப் படிப்பவருக்கு, சோற்றுக் கடன் மீது அந்தக் காவியத்துக்கே ஆழமான சந்தேகம் இருப்பது தெரியும். சல்லியன் தன் தங்கை மக்களுக்குத் துணைநிற்கப் படையோடு புறப்படுகிறான். வழியெங்கும் விருந்து மண்டபங்கள். தருமனின் ஏற்பாடு என்று நம்பி உண்டு மகிழ்ந்தவன், இதைச் செய்தவருக்கு வேண்டியதைத் தருகிறேன் என்கிறான். மறைந்திருந்த துரியோதனன் எதிரே வந்து நிற்கிறான். சல்லியன் பக்கம் மாறுகிறான். அதே பர்வத்தில் தூது வந்த கண்ணனையும் துரியோதனன் விருந்துக்கு அழைக்கிறான். ஒருவர் இட்ட சோற்றை அன்பிருந்தால் உண்ணலாம், ஆபத்திலும் உண்ணலாம், இங்கே இரண்டுமே இல்லை என்று மறுத்துவிட்டு, கண்ணன் விதுரன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறான். பீஷ்மர், துரோணர், கர்ணன், சல்லியன் என்று பெரியவர்கள் இத்தனை பேர் அநியாயத்தின் பக்கம் நின்றதற்கு, யார் வீட்டில் உண்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

நன்றியை வாயாரப் புகழும்போது நாம் பார்க்கத் தவறும் பக்கம் இது. பசி தீர்த்தவர் மீது தோன்றும் நன்றி மனித உணர்ச்சிகளில் மிக இயல்பானது. அதனாலேயே எளிதில் விலைபோகக்கூடியது. பண்ணை வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று கூழ் வாங்கிக் குடித்தவர்கள் அந்தக் கூழுக்காகத் தலைமுறை தலைமுறையாக வாய் மூடி இருந்திருக்கிறார்கள். தேர்தல் நேரத்துப் பிரியாணிப் பொட்டலம் நம்பியிருப்பதும் இதே நன்றியைத்தான். அப்படியானால் சாப்பிடும் முன் கடவுளுக்கு நன்றி சொல்லும் வழக்கம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? அது இல்லாத சமயம் அநேகமாக இல்லை. வைதிகர் இலையைச் சுற்றி நீர் விடுகிறார். முஸ்லிம் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கி அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிக்கிறார். கிறிஸ்தவக் குடும்பத்தில் யாராவது ஒருவர் ஜெபித்து முடிக்கும்வரை பிள்ளைகள் தட்டில் கை வைப்பதில்லை. இதைப் பக்தியின் சின்னச் சடங்கு என்று நாம் கடந்துபோகிறோம். ஆனால் அது பெரிய காரியம் ஒன்றைச் செய்கிறது என்பது என் எண்ணம். சோறு போடுபவரும் சோறு வாங்குபவரும் கூடியிருக்கும் ஓர் இடத்தில், அந்த ஒரு நிமிட வேண்டுதல் இருவரையுமே வாங்குபவர்கள் ஆக்கிவிடுகிறது. கொடுத்தவர் என்ற இடத்தை அங்கே இருக்கும் எந்த மனிதருக்கும் அது விட்டுத் தருவதில்லை. படியளப்பவர் மேலே இருக்கிறார் என்று சொன்ன வாயால், கீழே இருக்கும் ஒருவரைப் படியளப்பவர் என்று கும்பிட முடியாது. உணவுக்கு நன்றி சொல்வதில் சமய நம்பிக்கைக்கு உள்ள தனிப் பங்கு இதுதான். செஞ்சோற்றுக் கடனின் கயிற்றை அது அறுக்கிறது.

குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் நல்லோரின் இலக்கணமாக ஒன்றைச் சொல்கிறது. ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளிப்பவர்கள், இறைவனுக்காகவே தருகிறோம், உங்களிடம் கைம்மாறும் வேண்டாம் நன்றியும் வேண்டாம் என்கிறார்களாம். கைம்மாறு கருதாதே என்று எல்லா அறநூல்களும் சொல்கின்றன. நன்றியையும் கருதாதே என்பது அதற்கு அடுத்த படி. நன்றி கடவுளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால், கொடுத்த மனிதர் வாசலில் நின்று அதை வசூலிக்க உரிமையில்லை. ரமலான் மாதத்து மாலைகளில் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளில் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமலே வாளி நிறைகிறது.

சீக்கியர்களின் லங்கர் இதைக் கட்டடமாகவே கட்டி நிறுத்தியது. குரு நானக் தொடங்கிய பொதுச் சமையலை, மூன்றாம் குரு அமர்தாஸ் கோயிந்த்வாலில் ஒரு நிபந்தனை ஆக்கினார்: குருவைக் காண வருபவர் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பேரரசர் அக்பரும் அப்படித்தான் தரையில் உட்கார்ந்தார் என்கிறது சீக்கிய மரபு. இன்றைக்கும் அமிர்தசரஸ் பொற்கோயிலில் தினமும் பல்லாயிரம் பேர் சாப்பிடும் அந்தக் கூடத்தில், ரொட்டியை யாரும் தட்டில் போட்டுவிட்டுப் போவதில்லை. சாப்பிடுபவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்த வேண்டும், அதில் வைக்கப்படுகிறது. லட்சாதிபதியும் ரிக்‌ஷாக்காரரும் அப்படியே ஏந்துகிறார்கள். பரிமாறுகிற சேவாதார் தன் வேலை முடிந்ததும் அடுத்த வரிசையில் உட்கார்ந்து, தானும் இரண்டு கைகளையும் நீட்டுகிறார். ஏந்திய கை யாரை நோக்கி ஏந்தப்பட்டது என்ற கேள்விக்கு அங்கே மனிதப் பெயர் விடையாக வராது.

யூத மரபில் இதைவிட நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட சட்ட நூலான மிஷ்னா, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா இரவு விருந்தைப் பற்றிச் சொல்லும்போது பரம ஏழையைத் தனியே குறிப்பிடுகிறது. அன்றிரவு அவரும் சாய்ந்து அமர்ந்தே உண்ண வேண்டும். ஊர் தருமச் சாப்பாட்டுப் பானையிலிருந்துதான் வருகிறது என்றாலும் நான்கு கிண்ணத் திராட்சரசத்துக்குக் குறையக் கூடாது. அந்தக் காலத்தில் சாய்ந்து உண்பது சுதந்திர மனிதரின் அடையாளம். அடிமைகள் நின்று பரிமாறுவார்கள். பிச்சைச் சோறு உண்பவரையும் எஜமானைப் போல உட்காரவைத்துவிட்டுத்தான் விருந்து தொடங்கலாம் என்பது சட்டம். தருமத்தில் வாழும் ஏழையும் தன் பங்குக்கு யாருக்காவது தருமம் செய்ய வேண்டும் என்று அதே மரபின் இன்னொரு விதி சொல்கிறது. வாங்குகிறவர் என்ற நிலையிலேயே ஒருவரை உறைய வைத்துவிடக் கூடாது என்ற கவலை இது. நம்முடைய அன்னதானப் பலகைகளில் உபயதாரர் பெயர் சோற்றை விடப் பெரிதாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கவலை நமக்கு வராமல் போயிற்றே என்று மனம் வலிக்கிறது.

இந்த இடத்தில் நினைவு உள்ளே வருகிறது. தான் கொடுப்பவர் அல்ல, வாங்கியவர்தான் என்று வசதியாக இருப்பவர் எப்படி நம்புவார்? வாயால் சொல்லலாம், வயிறு நிறைந்திருக்கும்போது மனம் ஒப்பாது. இதைச் சரியாகப் பிடித்தது விவிலியத்தின் உபாகமம். அதன் எட்டாம் அதிகாரம் உண்டு திருப்தியடைந்த பிறகு நன்றி சொல்லக் கட்டளையிடுகிறது. பசித்தவருக்கு நன்றி தானாக வரும். மறப்பது வயிறு நிறைந்தவர். நல்ல வீடு கட்டி, ஆடுமாடு பெருகி, பொன்னும் வெள்ளியும் சேர்ந்தபின், இதெல்லாம் என் கை பலத்தால் வந்தது என்று உள்ளுக்குள் ஒரு குரல் பேசும் என்று அந்த அதிகாரம் எச்சரிக்கிறது. அதற்கு அது சொல்லும் மருந்து நினைவு: நீ அடிமையாக இருந்தாய், பாலைவனத்தில் பசித்துக் கிடந்தாய். அந்த நினைவை யூதர்கள் புத்தகத்தில் மட்டும் வைத்திருக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்தார்கள். பஸ்கா இரவில் புளிப்பில்லாத அப்பம், அடிமைகளின் கண்ணீரை நினைவூட்டும் உப்புத் தண்ணீர், கசப்புக் கீரை. கிழக்கு ஐரோப்பிய வீடுகளில் கீரைக்குப் பதில் காரக் கிழங்கு ஒன்றைத் துருவி வைப்பார்கள்; ஒரு வாய் மென்றால் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரும். வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இந்த இரவு மட்டும் ஏன் இப்படி என்று கேட்க வேண்டும். பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். எகிப்திலிருந்து வெளியேறியது முன்னோர்கள் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஒவ்வொரு தலைமுறையும் தானே வெளியேறியதாக எண்ண வேண்டும். தொடக்கத்திலேயே ஓர் அழைப்பு வாசிக்கப்படுகிறது, பசித்தவர் யாராயினும் வந்து உண்ணட்டும் என்று. அது எபிரேயத்தில் இல்லாமல் அக்காலப் பேச்சுமொழியான அரமேயத்தில் இருக்கிறது. தெருவில் போகிறவருக்கும் புரியட்டும் என்பதற்காக என்று விளக்கம் சொல்வார்கள்.

சாப்பாட்டு மேசையின் இனிய நினைவுகள் என்று நாம் பேசும்போது, இந்தக் கசப்பை விட்டுவிடுகிறோம். அம்மா கை மணம், பாட்டி பிசைந்து உருட்டிப் போட்ட கவளம், தீபாவளி அதிரசம் என்று நினைவுகள் எல்லாம் தித்திப்பாகவே வருகின்றன. அவை பொய் என்று சொல்ல மாட்டேன். படையலில் செத்துப்போனவருக்குப் பிடித்ததைத் தேடிச் செய்து வைக்கும் வழக்கத்தில் எவ்வளவு அன்பு இருக்கிறது! ஒருவருக்குக் கருவாட்டுக் குழம்பு, ஒருவருக்குப் பால் பணியாரம், ஒருவருக்கு வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை. சொத்துப் பத்திரம் சொல்லாத செய்தியை அந்த இலை சொல்கிறது. ஆனாலும் தித்திப்பை மட்டும் சேர்த்துவைக்கும் நினைவு நன்றியைப் பிறப்பிப்பதில்லை, ஏக்கத்தைப் பிறப்பிக்கிறது. நன்றி பிறக்க, இல்லாமையின் நினைவும் வேண்டும். தமிழ்ப் புத்தாண்டன்று வெல்லத்தோடும் மாங்காயோடும் வேப்பம்பூவைச் சேர்த்துப் பச்சடி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

நம் காலத்தில் தமிழர்களே அப்படியொரு நினைவு உணவை உண்டாக்கியிருக்கிறார்கள். 2009இல் இலங்கையில் வன்னிப் போரின் கடைசி மாதங்களில், முள்ளிவாய்க்காலை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போன நிலத்துண்டில் லட்சக்கணக்கானவர்களின் உயிரைப் பிடித்து வைத்தது அரிசியும் உப்பும் போட்ட நீர்க்கஞ்சி. உணவுக்காக வரிசையில் நின்றவர்கள் மீதும் எறிகணைகள் விழுந்ததை ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்தது. இப்போது ஒவ்வொரு மே மாதமும், 18ஆம் தேதியை ஒட்டி, வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரத்தில் அடுப்பு மூட்டி அதே கஞ்சியைக் காய்ச்சிப் போவோர் வருவோருக்கெல்லாம் ஊற்றுகிறார்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் குடிக்கிறார்கள். ருசிக்காக அதில் எதுவும் கூடுதலாகச் சேர்ப்பதில்லை. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் இந்தக் கஞ்சியை வழங்கியதற்காகப் பெண்கள் உட்படச் சிலரைப் போலீசார் கைது செய்தார்கள். ஒரு கோப்பைக் கஞ்சியைக் கண்டு அரசு அஞ்சியதில் வியப்பில்லை. சேர்ந்து உண்ணும் நினைவு, தனியே அழும் நினைவைப் போல ஆறிப்போவதில்லை. அந்தக் கஞ்சி யாருக்கு நன்றி சொல்கிறது என்று கேட்டால், எந்தத் தலைவருக்கும் எந்த அரசுக்கும் இல்லை என்பது மட்டும் தெளிவு. உயிர் மிஞ்சியதற்கு நன்றி, மிஞ்சாதவர்களின் நினைவு. இரண்டையும் ஒரே கோப்பையில் குடிக்கிறார்கள்.

உணவுக்கான நன்றியைக் கடவுளிடம் சேர்ப்பதற்கு வரக்கூடிய மறுப்புகளில் மிக வலுவானது நம் மண்ணிலேயே பிறந்தது. நெல்லை விளைவித்தவர் உழவர், அரைத்தவர் மில் தொழிலாளி, ஆக்கியவர் வீட்டுப் பெண். நன்றி மட்டும் கடவுளுக்கா? உழைப்பவர் கண்ணில் படாமல் போகத்தானே இந்த ஏற்பாடு என்று சுயமரியாதை இயக்கம் கேட்டது. இந்தக் கேள்வியை அலட்சியமாகக் கடக்க எனக்கு மனம் வராது. தஞ்சைத் தரணி சூரியனுக்குப் பொங்கலிட்டு, மாட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்கி நன்றி சொன்னது. அதே நெற்களஞ்சியத்தில், கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுச் சங்கம் சேர்ந்த பண்ணையாட்கள் மீது ஏவப்பட்ட வன்முறையில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். சூரியனுக்கு நன்றி சொல்வது எவ்வளவு சுலபம், நாற்று நட்டவருக்கு அரைப்படி நெல் கூட்டித் தருவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

ஆனால் இந்தச் சான்று எதை நிரூபிக்கிறது? உழைத்தவருக்குச் சேர வேண்டியதை நன்றியால் ஈடுகட்ட முடியாது என்பதைத்தான். உழவருக்கு நாம் கடன்பட்டிருப்பது முதலில் கூலி, விலை, நிலம். நன்றி அதற்குப் பிறகு. கூலியைக் குறைத்துக்கொண்டு நன்றியைக் கூட்டிக் கொடுப்பது மோசடி, அதைக் கடவுளுக்குக் கொடுத்தாலும் உழவருக்கே கொடுத்தாலும். சமய மரபுகளும் இந்த வித்தியாசத்தை அறியாதவை அல்ல. தொழிலாளியின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடு என்பது நபிகள் நாயகத்தின் பெயரால் வழங்கும் மொழி. அறுவடையில் வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விட்டுவிடு என்பது மோசேயின் சட்டம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருத்தப்பட்ட கத்தோலிக்கத் திருப்பலியில், அப்பத்தை ஒப்புக்கொடுக்கும் குரு அதை நிலத்தின் விளைவு என்று சொல்வதோடு மனித உழைப்பின் பயன் என்றும் சேர்த்தே சொல்கிறார். நான் சொல்லவருவது, கூலி முழுவதும் கொடுத்துத் தீர்த்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது என்பதை. மழைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. விதைநெல்லைப் பஞ்சத்திலும் தின்னாமல் காப்பாற்றிக் கொடுத்த பல்லாயிரம் ஆண்டுத் தலைமுறைகளுக்குக் கணக்குத் தீர்க்க வழியில்லை. கடவுளுக்குச் சொல்லும் நன்றிக்கு இடம் அந்த மிச்சத்தில் இருக்கிறது. முன்னால் நிற்பவரின் கூலியில் அதற்கு இடமில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் ஆழமாகக் குத்துவது. எனக்குச் சோறு தந்தவர் கடவுள் என்றால், பக்கத்துத் தெருவில் பட்டினி கிடப்பவருக்குத் தராதவரும் அவர்தானே? அப்படியானால் என் நன்றி, என்னைத் தேர்ந்தெடுத்ததற்கான நன்றியா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், சுமார் 450 கிராம், போதும் என்று குறைத்தார். அதே ஆண்டுகளில் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்திய சென் 1981இல் எழுதிய நூலும் காட்டியது இதுதான்: உணவு முற்றாகத் தீர்ந்து மக்கள் சாகவில்லை, இருந்த உணவை வாங்கும் வழி அடைபட்டுச் செத்தார்கள். பட்டினியைக் கடவுள் கணக்கில் எழுதுவது பல நேரம் குற்றவாளியைத் தப்பவிடுவதாகவே முடிகிறது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 117ஆம் சூக்தம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. பசியைத் தேவர்கள் மரண தண்டனையாக விதிக்கவில்லை, உண்டு கொழுத்தவருக்கும் சாவு உண்டு, தனியே உண்பவர் பாவத்தையும் தனியே உண்கிறார் என்பது அதன் சாரம்.

இந்தக் கேள்வியைத் தமிழில் நேருக்கு நேர் எதிர்கொண்டவர் வள்ளலார். ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவரே ஒரு மறுப்பை எழுப்பிக்கொள்கிறார்: முற்பிறப்பில் தவறு செய்தவர்களைக் கடவுள் பசியால் தண்டிக்கிறார் என்றால், அவர்களுக்குச் சோறிடுவது கடவுள் கட்டளைக்கு விரோதம் ஆகாதா? அவர் சொல்லும் பதில், சட்டம் படித்தவரின் பதில் போல் இருக்கிறது. அரசன் கொடிய குற்றவாளியைக் கூட விலங்கிட்டுச் சிறையில் வைத்துவிட்டுத் தன் சேவகர்களைக் கொண்டு அவனுக்கும் சாப்பாடு போடுகிறான். கடவுள் அரசனை விடக் குறைந்தவரா? விதியின் பெயரால் பட்டினியை நியாயப்படுத்தும் கதவை அவர் அப்படிச் சாத்தினார். 1867 மே 23ஆம் தேதி வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்துவருகிறது. அங்கே சாதி, மதம், ஊர் எதையும் கேட்காமல் சோறு போடுகிறார்கள். எனக்குக் கிடைத்ததற்கு நன்றி என்ற சொல், எனக்குத் தகுதி இருந்ததால் கிடைத்தது என்ற அர்த்தத்தில் சொல்லப்பட்டால் அது ஆணவம். தகுதி பார்க்காமல் கிடைத்தது என்ற அர்த்தத்தில் சொல்லப்பட்டால், தகுதி பார்க்காமல் கொடுக்கும் கடமை உடனே கூட வருகிறது. பட்டினி கிடப்பவரின் நினைவு என் நன்றியைக் கெடுப்பதில்லை. அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று வழிகாட்டுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பந்தியைப் பிரித்ததும் சமயம்தானே என்று கேட்டால் ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை. கிறிஸ்தவத்தின் முதல் தலைமுறையிலேயே அது நடந்தது. கொரிந்து நகரத்துச் சபையில் வசதியானவர்கள் முன்னதாக வந்து உண்டு குடித்து வெறித்திருக்க, வேலை முடித்து வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் கடுங்கோபத்தோடு கடிதம் எழுதினார். நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தே ஆகாது என்றார். நம் ஊரில் சேரன்மாதேவி குருகுலம். தேச விடுதலைக்காகப் பிள்ளைகளைத் தயார்செய்ய, பொதுப் பணமும் பெற்று வ.வே.சு. ஐயர் நடத்திய அந்த நிறுவனத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனி இடத்தில் சாப்பாடு நடப்பது தெரியவந்தபோது, 1925ஆம் ஆண்டுத் தமிழக அரசியலே இரண்டாகப் பிளந்தது. எந்த வேண்டுதலைச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டார்களோ, அதன் சொற்களில் குற்றம் இருந்திருக்காது. குற்றம் உட்கார்ந்த இடத்தில் இருந்தது. ஆகவே சொற்களை வைத்து நன்றியை அளக்க வேண்டாம், பந்தியை வைத்து அளப்போம் என்கிறேன். பவுல் செய்ததும் அதுவே. வேண்டுதல் சரியாக இருந்தும் பந்தி தவறாக இருந்தால், அங்கே நன்றி சொல்லப்படவே இல்லை என்று அவர் தீர்ப்பளித்தார்.

இந்த அளவுகோலை ஊருக்கு மட்டும் வைத்து வீட்டை விட்டுவிடக் கூடாது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட பொற்காலம் என்று நாம் நினைவுகூரும் பல வீடுகளில் அந்த எல்லோரிலும் பெண்கள் இல்லை. ஆண்கள், பிறகு பிள்ளைகள், கடைசியில் அடிப்பிடித்த சோறும் மண்டிக் குழம்பும் மிஞ்சும் வேளையில் சமைத்தவள். அவள் நின்றுகொண்டே பரிமாறியதைத்தான் நாம் அன்பு என்று நினைவில் பதித்திருக்கிறோம். அன்புதான், ஆனால் அவளை உட்காரவைத்து யார் பரிமாறினார்கள்? மிஷ்னா காலத்து வழக்கப்படி நிற்பவர் அடிமை. சாப்பாட்டு மேசைக்கு முன் கண்மூடிச் சொல்லும் நன்றி, அடுப்படியில் நிற்பவரும் வந்து உட்கார்ந்த பிறகே தொடங்க வேண்டும் என்று ஒரு வீடு முடிவு செய்தால், அதைவிடச் சிறந்த இறையியல் திருத்தம் எனக்குத் தெரியவில்லை.

உரிமைச் சட்டங்களின் காலத்தில் சோற்றுக்கு நன்றி எதற்கு என்ற கேள்வியும் இருக்கிறது. காமராஜர் ஆட்சியில் 1956இல் பரவிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பர் முதல் காலை உணவு என்று தமிழ்நாடு நடந்த பாதையில், பள்ளிப் பிள்ளை தட்டேந்துவது பிச்சைக்காக அல்ல என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது. 2001 நவம்பர் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சமைத்த மதிய உணவை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது; 2013இல் உணவுப் பாதுகாப்பே சட்டமானது. அந்தத் தட்டுக்காக எந்தப் பிள்ளையும் எந்தத் தலைவர் படத்தையும் கும்பிட வேண்டியதில்லை. இதை நன்றியின் அழிவாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அதை நன்றியின் விடுதலையாகப் பார்க்கிறேன். குர்ஆன் வசனம் கொடுப்பவரின் வாயால் விட்டுக்கொடுக்கச் சொன்னதை, சட்டம் வாங்குபவரின் கையில் எழுதிக் கொடுத்திருக்கிறது. நம்பிக்கையற்றவர்கள் கடவுள் பெயரைச் சொல்லாமலே இந்த இடத்துக்கு வந்து சேரலாம். பலர் வந்திருக்கிறார்கள், நம்பிக்கையாளர்களை முந்திக்கொண்டு. கொடுத்தவர் என்ற நாற்காலியில் எந்த மனிதரையும் உட்கார விடாமல் அவர்கள் காப்பாற்றும்வரை, அவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் சட்டம் தட்டை நிரப்பும், பந்தியை நிரப்பாது. காலை உணவைச் சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகத் தம் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில ஊர்களில் பெற்றோர் தடுத்தபோது, உரிமைச் சட்டம் அப்படியேதான் இருந்தது. அமைச்சர்களும் அதிகாரிகளும் போய் அதே சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. யார் கையால் வாங்குகிறேன் என்ற கூச்சம் போக, எல்லாம் வாங்கியதே என்ற உணர்வு உள்ளே ஊற வேண்டும். வழிபாடுகள் அதை ஊறவைக்கத் தெரிந்தவை, நேர்மையாகச் செய்யப்பட்டால்.

அப்படி நேர்மையாக நடந்துவரும் ஒன்று, கைப்பிடி அரிசி. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பழகிய வழக்கம். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பிடி அரிசித் திட்டம் என்று இந்து வீடுகளில் வலியுறுத்தியதும் இதையே. உலைக்கு அளந்து வைத்த அரிசியில், களைவதற்கு முன், ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போட வேண்டும். மிஞ்சியதைக் கொடுப்பது இதில் கிடையாது. பற்றாக்குறை இருந்தால் அந்தப் பற்றாக்குறையிலிருந்தே எடுக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரு வாய் குறையும். பணம் கையாளாத பெண்களும் கொடுப்பவர்கள் ஆகிறார்கள். மிசோரம் திருச்சபைகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெண்கள் ஒவ்வொரு சமையலுக்கும் இப்படி ஒரு பிடி எடுத்துவைத்து, அதை விற்ற பணத்தில் ஊழியங்களையே தாங்கி வந்திருக்கிறார்கள். வாரக் கடைசியில் தெருவின் அரிசியெல்லாம் ஒரே சாக்கில் கொட்டப்படுகிறது: ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, குருணை. அதை வாங்கிச் சமைப்பவர் யாருக்கும் செஞ்சோற்றுக் கடன் படுவதில்லை, ஏனென்றால் எந்தப் பிடி எந்த வீட்டுடையது என்று கொடுத்தவர்களாலேயே இனிச் சொல்ல முடியாது.